உப்புக்காற்றில் ஒரு ரேடியேட்டர்

காரில் பெட்ரோல் எரிந்து தீரும், டயர் தேயும், இஞ்சின் ஆயில்கூட வயதான வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கூலன்ட் அப்படித் தீர்கிற பொருளே இல்லை. மூடிய பாதைக்குள் இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது அதன் வேலை. கூலன்ட் டப்பாவில் மேல்கோட்டில் நின்றது கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது என்றால், எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதை யாரிடம் சொன்னாலும், "அடிக்கிற வெயிலுக்குக் கொறையத்தான் செய்யும், கொஞ்சம் தண்ணி ஊத்திக்கிட வேண்டியதுதான்" என்பார்கள். இந்தப் பேச்சினாலேயே நல்ல இஞ்சின்கள் பல பாழாகின்றன. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

ஆத்தூரில் கிழக்கே திரும்பி, வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் முடிந்து, சேர்ந்தபூமங்கலத்தைத் தாண்டியதும் காற்றே வேறாகிவிடும். தாமிரபரணி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் இருக்கிறது புன்னக்காயல். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். சுற்றுவட்டாரத்தில் உப்பளங்கள். இங்கே ராத்திரி வெளியே நிறுத்திய வண்டியின் கண்ணாடியைக் காலையில் விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அது வெறும் பனி என்று நினைத்துவிடக் கூடாது. காற்றில் வருகிற உப்பு உலோகத்தில் படிந்தால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். மேற்பரப்பு காயவே விடாது. அலுமினியத்துக்கு இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு போர்வை உண்டு. அதுதான் அதை அரிப்பிலிருந்து காப்பாற்றுகிறது. அந்தப் போர்வையில் ஊசி குத்தினமாதிரி ஓட்டை போடுகிற ஆள் குளோரைடு, அதாவது உப்பில் இருக்கிற பாதி.

எங்கள் வீட்டுக்கு வந்த வண்டி, மச்சான் மூலமாகக் கைமாறி வந்த பழைய பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. இன்றைக்கு ஓடுகிற பெரும்பாலான கார்களில் ரேடியேட்டரின் அமைப்பு ஒன்றுதான். நடுவில் அலுமினியக் குழல்களும் அவற்றுக்கு இடையே மெல்லிய அலுமினிய மடிப்புகளும். இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் டேங்க். டேங்குக்கும் அலுமினியத்துக்கும் இடையில் ஒரு ரப்பர் வளையம் வைத்து, அலுமினிய விளிம்பை மடக்கிப் பிடித்திருப்பார்கள். இந்த மடிப்பு விளிம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்த கொஞ்ச நாளிலேயே டப்பாவில் மட்டம் இறங்குவது தெரிந்தது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. அட்டை விரித்துப் போட்டு ராத்திரி முழுக்க நிறுத்தியும் அட்டை காய்ந்தே கிடந்தது. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. இந்த நிலையில்தான் நிறையப் பேர் "ஒழுக்கு இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தரையில் சொட்டாத ஒழுக்கும் உண்டு. இஞ்சின் சூடாக இருக்கும்போது பாதைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அப்போதுதான் ஊசிமுனை வழி திறக்கிறது. வெளியே வந்த துளி சுடுகிற உலோகத்தின் மேலேயே ஆவியாகிவிடும். ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்று வேறு. தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்தது மட்டும் தடமாக நிற்கும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. காய்ந்த கறையைத் தேட வேண்டும். பச்சைக் கூலன்ட் என்றால் பச்சையும் வெள்ளையுமாக, சிவப்பு என்றால் வெளிறிய ரோஸ் நிறத்தில், பொருக்குத் தட்டியதுபோல ஒரு கோடு இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் கேப். மலிவான சாமான் என்பதால் யாரும் மதிப்பதில்லை. உண்மையில் அது ஒரு மூடி இல்லை, இரண்டு வால்வுகள் சேர்ந்த கருவி. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும். பார் கணக்கில் அழுத்தம். அவ்வளவு அழுத்தம் வரும்வரை உள்ளேயே பிடித்து வைத்திருந்து, மிஞ்சினால் டப்பாவுக்கு விடும். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் கொதிநிலை கிட்டத்தட்ட 130-க்குப் போய்விடும். கேப் ரப்பர் இறுகி அழுத்தம் நிற்காமல் போனால் இந்தப் பாதுகாப்பு முழுக்கப் போச்சு. இஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சுவதும் இதே கேப்பின் இன்னொரு வால்வுதான். அது கெட்டால் வேடிக்கையான ஒரு நிலைமை வரும்: டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டப்பாவை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேப் தனியாக ரேடியேட்டர் தலையில் இருக்கிற வண்டி என்றால், காலையில் இஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது கேப்பைத் திறந்து உள்ளே கழுத்துவரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. துணி போட்டுப் பிடித்தாலும் கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். அப்படி வெந்த கைகளை ஒர்க்‌ஷாப்களில் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கேப்பை மாற்றியும் மட்டம் இறங்கியது. ஆத்தூரில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார், பேச்சு குறைவு, கேள்வி அதிகம்.

"தரையில சொட்டு கெடக்கா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"உள்ள காலடிக் கார்பெட்டு நனையுதா? ஏசி போட்டா இனிப்பா ஒரு வாசம் அடிக்கா?"

"அதுவும் இல்ல."

"காலையில மொத தடவ எடுக்கும்போது பொகை வெள்ளையா வந்து நிக்காம போவுதா?"

"இல்ல."

"அப்பம் பம்ப மாட்டிப் பாத்துருவோம். போன தண்ணி போன வழிய சொல்லும்."

அந்தக் கேள்விகளே பாதிப் பரிசோதனை. காலடி ஈரமும் இனிப்பு வாசமும் முன்கண்ணாடியில் உள்பக்கமாக எண்ணெய்ப் பிசுக்குப் படிவதும் ஹீட்டர் கோர் ஒழுகுவதற்கு அடையாளம். நிற்காத வெள்ளைப் புகை, இஞ்சின் சிலிண்டருக்குள்ளேயே கூலன்ட் போய் ஆவியாகிறது என்பதற்கு. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் வெளி ஒழுக்குதான்.

பம்ப் என்று அண்ணாச்சி சொன்னது கூலிங் பாதைக்கான பிரஷர் டெஸ்டர். சைக்கிள் பம்ப் அளவில், ஒரு மீட்டரோடு இருக்கும். இஞ்சின் ஆறியிருக்கும்போது கேப் இருக்கிற இடத்தில் மாட்டி, கேப்பில் எழுதியிருக்கிற அழுத்தம் வரைக்கும் கையால் அடிக்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் முள் அசையாமல் நின்றால் பாதை சுத்தம். எங்கள் வண்டியில் முள் மெதுவாகச் சரிந்தது. ஹோஸ்களைத் தடவினார், கிளிப்களைப் பார்த்தார், வாட்டர் பம்பின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டைக்கு விரலைக் கொடுத்துப் பார்த்தார். அந்த ஓட்டை வேண்டுமென்றே வைத்தது; உள்ளே சீல் தேய்ந்தால் முதலில் அது வழியாகத்தான் கசியும், அதைக் கண்டு பம்பை மாற்றிக்கொள்ளலாம். அது காய்ந்திருந்தது. தெர்மோஸ்டாட் கூடும் காய்ந்திருந்தது. பிறகு முன்பக்கம் படுத்து டார்ச்சை ரேடியேட்டரின் கீழ் மூலைக்கு அடித்தார். "இங்கன வந்து பாருங்க" என்றார்.

மடிப்பு விளிம்பு. கறுப்பு டேங்கும் வெள்ளை அலுமினியமும் சேருகிற கோட்டில், நெல்மணி அளவுக்கு ஒரு முத்து உருண்டு நின்றது. கொஞ்சம் பெருத்து, விளிம்பு வழியாக ஊர்ந்து, ஏற்கெனவே காய்ந்துபோயிருந்த வெள்ளைப் பொருக்கின் மேலே பரவியது. அடுத்த முத்து அதே இடத்தில் பிறந்தது. பக்கத்தில் அலுமினிய மடிப்புகளை அண்ணாச்சி கட்டை விரலால் லேசாகத் தேய்த்துக் காட்டினார். கீழ் வரிசை முழுக்கச் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. மேல் வரிசையெல்லாம் உறுதியாக இருந்தது. மழைத்தண்ணீரும் சக்கரம் அடித்த சேறும் உப்பும் தங்குவது கீழேதான். மடிப்பு உதிர்ந்தால் குழலிலிருந்து காற்றுக்குச் சூடு போக வழியில்லை. ஒழுக்கே இல்லாவிட்டாலும் இந்த ரேடியேட்டர் அடுத்த கோடையில் படுத்திருக்கும்.

ஆனால் என்னைக் கலங்கவைத்தது வெளியே இருந்த உப்பு இல்லை. கீழ் ஹோஸைக் கழற்றியபோது வந்த தண்ணீர். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, பழைய இரும்புத் தொட்டியைக் கலக்கியதுபோலக் காவி நிறம். முன்பு வைத்திருந்தவர் கூலன்ட் என்ற ஒன்றையே நிறுத்திவிட்டு, போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். "நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். குளிர்நாட்டில் உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை, அந்த வேலை நமக்குத் தேவையில்லைதான். கொதிநிலையை உயர்த்துவதும், அதைவிட முக்கியமாக உள்ளே இருக்கிற அலுமினியத்தையும் இரும்பையும் ஈயப்பற்றையும் அரிக்காமல் காக்கிற ரசாயனங்களைச் சுமந்து போவதும் நமக்குத்தான் அதிகம் தேவை. கூலன்ட்டின் அடிப்படைப் பொருளான கிளைக்காலைத் தனியாக, தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும் தவறு. சூட்டைச் சுமக்கிற திறன் தண்ணீருக்குத்தான் அதிகம். இரண்டும் சேர வேண்டும், பாதிக்குப் பாதி.

அந்தப் பாதித் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதில்தான் கடற்கரை ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். கூலன்ட்டில் கலக்கும் தண்ணீருக்குப் பெரிய டீசல் இஞ்சின் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிற வரம்பு: குளோரைடு லிட்டருக்கு 40 மில்லிகிராம், கடினத்தன்மை 170, கரைந்த உப்புகள் மொத்தம் 340. மனிதர் குடிக்கிற தண்ணீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, குளோரைடை 250 வரை ஏற்கிறது. வேறு ஊற்று இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதிக்கிறது. அதாவது நாம் குடித்துப் பழகிய, நாக்குக்கு நன்றாக இருக்கிற தண்ணீர்கூட இஞ்சினுக்கு உப்புத் தண்ணீர்தான். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆற்று வாயில் கோடையில் ஏற்றம் வரும்போது கடல் உள்ளே நுழைகிற ஊரில், கிணற்றையும் போரையும் நம்பி ரேடியேட்டரை நிரப்புவது என்ன காரியம் என்று யோசியுங்கள். உப்பு அரிக்கும், கடினத்தன்மை வேறு ஒரு வேலை செய்யும். வென்னீர்ப் பானை அடியில் வெள்ளையாகத் தட்டுப் பிடிக்கிறதல்லவா, அதே தட்டு இஞ்சினுக்குள் மிகச் சூடான இடத்தில், சிலிண்டரைச் சுற்றியும் ஹெட்டுக்குள்ளும் பிடிக்கும். முள் நடுவில் நிற்கும்போதே உள்ளே அந்த ஓர் இடம் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்டு வாட்டர் கேன் போதும், அது பேட்டரிக் கடையில் கிடைக்கும். அல்லது கலந்தே வருகிற கூலன்ட்டை வாங்கிவிடலாம். இதற்கு மேல் சிக்கனம் பார்க்க இடமில்லை.

இந்த விஷயத்தில் எங்கள் ஊர் மீனவர்களுக்கு இருக்கிற நிதானம் காரோட்டிகளுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். வள்ளத்தின் பின்னால் தொங்குகிற அவுட்போர்டு மோட்டார் கடல்தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை வழியாக அதில் ஒரு பங்கு பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மோட்டாரை எடுத்ததும் பார்வை முதலில் அங்கேதான் போகும். பீய்ச்சல் மெலிந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள்; உள்ளே ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது வழியில் பாசியோ மண்ணோ அடைத்திருக்கும். கரைக்கு வந்தபின் நல்ல தண்ணீரை ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும் என்பதும் தெரிந்த சங்கதி. உள்ளே வைத்த பெரிய கடல் டீசல் இஞ்சின்களில், கடல்தண்ணீர் ஒரு பாதையிலும் நல்ல கூலன்ட் இன்னொரு பாதையிலும் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். உப்பு அரிக்கட்டும் என்றே ஒரு துத்தநாகத் துண்டை உள்ளே வைத்திருப்பார்கள். அது கரைந்ததும் மாற்றிவிடுவார்கள். காரில் பீய்ச்சலும் இல்லை, துத்தநாகத் துண்டும் இல்லை. டப்பாவில் இருக்கிற இரண்டு கோடுகள்தான் நமக்கு இருக்கிற ஒரே பேச்சு. அதைத் தினமும் காலையில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

2023 டிசம்பர் வெள்ளத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது, சாலைகள் அறுந்தன. ஏரலில் பாலமே சிதைந்தது. அப்போது மூழ்கிய வண்டிகளில் பலவற்றை ஆயில் மாற்றி, சீட்டைக் காயவைத்து, ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருக்கிற ஒரு விரல் இடைவெளியில் வண்டல் போய் இறுகியிருப்பது வெளியிலிருந்து தெரியாது. ஓடும்போது முள் சரியாக இருக்கும், நின்று ஏசி போட்டால் ஏறும். ஃபேன் மோட்டாரிலும் தண்ணீர் புகுந்திருக்கும். அந்த வெள்ளம் பார்த்த வண்டியை வாங்குகிறவர்கள் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இனி எங்கள் வண்டியின் வைத்தியம். பித்தளை ரேடியேட்டர் காலத்தில் ஒழுகிய இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். தூத்துக்குடியில் லாரி வேலை பார்க்கிற இடங்களில் இன்றும் அந்தக் கைத்திறன் இருக்கிறது. பிளாஸ்டிக் டேங்க் மடித்த அலுமினிய ரேடியேட்டருக்கு அது செல்லாது. பசை தடவினால் சூடும் ஆறுதலுமாக விரிந்து சுருங்கி, சில வாரத்தில் விட்டுவிடும். வழியில் நின்றுபோன லாரிக்காரர்கள் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி ஓட்டையை அடைத்துப் போவார்கள், கடையில் விற்கிற ஒழுக்கு அடைப்பானும் அதே வேலைதான். ஊர் போய்ச் சேர அது உதவும். ஆனால் ஓட்டை எது, குழல் எது என்று தூளுக்குத் தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழல்களையும் சேர்த்து அடைக்கும். எங்கள் வண்டிக்குப் புது ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ் இரண்டு, புதுக் கிளிப், தெர்மோஸ்டாட். இவ்வளவும் மாற்றினோம்.

மாற்றுவதைவிடக் கழுவுவதற்குத்தான் நேரம் பிடித்தது. டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, தெர்மோஸ்டாட் திறக்கிற வரைக்கும் ஓடவிட்டு, ஆறவைத்து, வடித்து, மறுபடி நிரப்பி. கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் விரல் தெரிகிற அளவுக்குத் தெளியும்வரை அண்ணாச்சி விடவில்லை. பிறகு கூலன்ட்டை மெதுவாக ஊற்றினார். வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். காற்றுப் பொதி இருக்கிற இடத்தில் திரவம் இல்லை, திரவம் இல்லாத இடத்தில் ஹெட் வேகும். கேப்பைத் திறந்தே வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து, ஃபேன் ஓடி நின்றபின்தான் மூடினார். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வகை மாற்றிக் கலந்தால் அரிப்புத் தடுப்பு ரசாயனங்கள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

நாங்கள் தப்பித்தோம், ஹெட் போகவில்லை. போயிருந்தால் கதை வேறு. கூலன்ட் இல்லாமல் சூடேறிய அலுமினிய ஹெட் வளையும், இடையில் இருக்கிற கேஸ்கெட் விட்டுவிடும். அடையாளங்கள் இவை: இரவெல்லாம் ஆறிய வண்டியில் காலையில் தொட்டாலும் மேல் ஹோஸ் இறுக்கமாக இருப்பது, இஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் கழுத்தில் நிற்காத குமிழி, ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை. பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் நீராவியில் வெளுத்துப் பளிச்சென்று இருக்கும். உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு: ரேடியேட்டர் கழுத்தில் வருகிற காற்றை அதன் வழியே விட்டால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். அப்படி மாறினால் ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும். இறக்கியபின் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட அனுமதிக்காதீர்கள். நேர்ச்சட்டத்தை மேலே வைத்து ஃபீலர் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் 0.05 மில்லிமீட்டர் வளைவுக்கு மேலே ஏற்கமாட்டார்கள். லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சொன்ன வரிசையில், சொன்ன டார்க்கில் இறுக்க வேண்டும்.

வழியில் முள் ஏறிவிட்டால்? ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஓரங்கட்டுங்கள். வெயிலில் வேர்த்துக் கொட்டும்தான்; ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர், இஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். பிறகு அணைத்துவிட்டு ஆறவிடுங்கள். சுடுகிற இஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். ஆறியபின் கடையில் வாங்கிய குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றி மெக்கானிக் வரை ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். கையில் இருப்பது உப்பளத்து வாய்க்காலும் ஆற்று வாயும் மட்டும்தான் என்றால், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதே நல்லது.

புது ரேடியேட்டர் போட்ட அன்று டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். ஆறிய இஞ்சின், சமதரை, காலை நேரம், இந்த மூன்றும் இருந்தால்தான் கோட்டோடு ஒப்பிட வேண்டும். இதுவரை கோடு அசையவில்லை. கடற்கரையில் நிறுத்திய நாளில் நல்ல தண்ணீரை மெல்லிய பீச்சலாக முன்பக்கத்துக் கிரில் வழியே அடித்துக் கழுவுகிறேன். வேகமாக அடித்தால் மடிப்புகள் சாய்ந்துவிடும்.

வடித்த பழைய கூலன்ட்டைப் பற்றி ஒன்று. அது இனிக்கும். நாயும் ஆடும் விரும்பி நக்கும். சிறுபிள்ளைகளும் தெரியாமல் வாயில் வைக்கலாம். எத்திலீன் கிளைக்கால் உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தை அழித்து உயிரை எடுக்கும். சாக்கடையிலும் தெருவிலும் ஊற்றாதீர்கள், திறந்த வாளியில் ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே எழுதி ஒட்டி, கழிவு ஆயில் எடுக்க ஆள் வருகிற ஒர்க்‌ஷாப்பில் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.